‘புரியுற மாதிரி சொல்லுங்க!’ - ப்ராடக்ட் மேனேஜர் இன்டர்வியூவில் சறுக்குவது எங்கே? சிக்கலான விஷயத்தை எளிமையாகச் சொல்வது எப்படி?

கோடிங் தெரியும். டேட்டா தெரியும். காலேஜ் ப்ராஜெக்ட்டில் நல்ல பெயரும் வாங்கியாச்சு. ஆனால், இன்டர்வியூவில் எதிரே இருப்பவர் "இதை உங்க அம்மாவுக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க" என்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ப்ராடக்ட் மேனேஜர் வேலைக்குப் போகும் பலருக்கும் நடப்பது இதுதான். வேலையில் சேர்ந்த பிறகும் பிரச்னை விடுவதில்லை. மீட்டிங்கில் பத்து நிமிடம் பேசி முடித்ததும், "சரி, இப்ப நாங்க என்ன செய்யணும்?" என்று மேலதிகாரி கேட்டால், பேசியது போய்ச் சேரவில்லை என்றுதான் அர்த்தம்.

திருச்சி காட்டூரில் நின்று பார்த்தால், ஒரே தஞ்சாவூர் ரோட்டில் திருவெறும்பூர் பெல் தொழிற்சாலை, துவாக்குடி என்ஐடி என்று வரிசையாக வருகின்றன. கொஞ்சம் தள்ளி நவல்பட்டில் எல்காட் ஐடி பூங்கா. இன்ஜினியர்களுக்குப் பஞ்சமில்லாத ஏரியா. ஆனால் தெரிந்திருப்பது ஒன்று, தெரிந்ததைச் சொல்லத் தெரிவது இன்னொன்று. இரண்டாவதை எப்படிக் கற்றுக்கொள்வது? விரிவாகப் பார்க்கலாம்.

ப்ராடக்ட் மேனேஜர் - என்ன வேலை இது?

ஒரு ஆப் அல்லது சாஃப்ட்வேரில் அடுத்து எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது, ஏன் என்று முடிவெடுப்பவர்தான் ப்ராடக்ட் மேனேஜர். இவர் பொதுவாகக் கோடு எழுதுவதில்லை, டிசைன் வரைவதில்லை, விற்கப் போவதும் இல்லை. ஆனால் இந்த மூன்று வேலையையும் செய்பவர்களிடம் தினமும் பேச வேண்டும்.

பெரும்பாலும் அவர்கள் யாரும் இவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் இல்லை. அதிகாரம் போட்டு வேலை வாங்க முடியாது. புரிய வைத்துத்தான் நகர்த்த முடியும். அதனால்தான் இன்டர்வியூவில் 'என்ன தெரியும்' என்பதோடு 'எப்படிச் சொல்கிறார்' என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

தெரிந்தவருக்கே ஏன் சொல்ல வருவதில்லை?

இதற்கு ஒரு பிரபலமான ஆய்வு உண்டு. 1990-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி நடத்தியது. ஒருவர் தனக்குத் தெரிந்த பாட்டின் தாளத்தை மேஜையில் தட்ட வேண்டும். இன்னொருவர் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

தட்டியவர்கள், பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். மொத்தம் தட்டப்பட்ட 120 பாட்டுகளில் சரியாகச் சொல்லப்பட்டவை வெறும் 3.

ஏன்? தட்டுகிறவர் மனதில் முழுப் பாட்டும் ஓடுகிறது. கேட்கிறவருக்கு 'டொக் டொக்' மட்டும்தான். சந்தேகம் இருந்தால் இன்றைக்கே வீட்டில் ஒரு இளையராஜா பாட்டைத் தட்டிப் பாருங்கள். 'இதுகூடத் தெரியலையா' என்று கோபம்கூட வரும்.

மீட்டிங்கிலும் இதுதான் நடக்கிறது. மூன்று மாதம் ஒரு விஷயத்தோடு வாழ்ந்தவர் அதை மூன்று நிமிடத்தில் 'தட்டி' விட்டுப் போகிறார். எதிரே இருப்பவர் காதில் விழுவது டொக் டொக் மட்டும்தான்.

ஸ்ரீரங்கத்துக்காரர் செய்த ப்ராடக்ட்

எளிமையாகச் சொல்வதற்குத் திருச்சிக்காரர்கள் உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. எழுத்தாளர் சுஜாதா இருக்கிறார்.

ரங்கராஜன் என்ற இயற்பெயர் கொண்ட அவர் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் சென்னை எம்ஐடியிலும் படித்தவர். 'ஏன்? எதற்கு? எப்படி?' கேள்வி-பதில் மூலம் அறிவியலைப் பாமரருக்கும் கொண்டு போனவர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவருடைய முழுநேர வேலை வேறு. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இன்ஜினியர். அங்கே மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பு, உற்பத்திப் பணிகளை மேற்பார்வையிட்டவர்களில் ஒருவர்.

அந்த இயந்திரத்தை ஒரு ப்ராடக்ட்டாகப் பாருங்கள். பயன்படுத்தப் போவது யார்? நாட்டின் அத்தனை வாக்காளர்களும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதில் உண்டு. யாருக்கும் தனியாக உட்கார்ந்து டிரெய்னிங் கொடுக்க முடியாது. ஆகவே விளக்கம் இயந்திரத்துக்குள்ளேயே இருக்கிறது:

• வேட்பாளர் பெயருக்குப் பக்கத்தில் சின்னம். படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.
• சின்னத்துக்கு நேராக நீல நிற பட்டன். அமுக்க வேண்டியது அது ஒன்றைத்தான்.
• அமுக்கியதும் சிவப்பு விளக்கு, பீப் சத்தம். 'ஓட்டு விழுந்துடுச்சு' என்று அர்த்தம்.
• அதிகாரி தன் பக்கம் உள்ள கன்ட்ரோல் யூனிட்டில் அனுமதி கொடுத்தால்தான் அடுத்த ஓட்டு பதிவாகும். ஒருவரே திரும்பத் திரும்ப அமுக்கிப் பயனில்லை.

உள்ளே எவ்வளவு சிக்கலான சர்க்யூட் இருந்தாலும், வாக்காளர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒரே வரி: 'சின்னத்தைப் பார், பட்டனை அமுக்கு, சத்தம் கேள்.'

ஆனால் எளிமையாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. 1982-ல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இந்த இயந்திரம் முதல்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. 1984-ல் உச்ச நீதிமன்றம் அந்த வாக்குப்பதிவு செல்லாது என்றது. காரணம், இயந்திரக் கோளாறு அல்ல. இயந்திரத்தைப் பயன்படுத்த அப்போதைய சட்டத்தில் இடமில்லை. 1988-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2004 மக்களவைத் தேர்தலில்தான் 543 தொகுதிகளுக்கும் இயந்திரம் வந்தது. 'நான் போட்ட ஓட்டு சரியா விழுந்துச்சான்னு எப்படி நம்புறது?' என்ற கேள்விக்குப் பதிலாக, 2013-ல் 7 விநாடி சீட்டைக் காட்டும் விவிபேட் சேர்ந்தது.

இதில் ப்ராடக்ட் மேனேஜருக்கான பாடம் தெளிவு. வாக்காளருக்கு ஒரு விளக்கம் போதும். நீதிமன்றத்துக்கு இன்னொரு விளக்கம் தேவை. சந்தேகப்படுகிறவருக்கு மூன்றாவது விளக்கம் தேவை. ப்ராடக்ட் ஒன்றுதான், கேட்பவர் மாறினால் சொல்வதும் மாற வேண்டும்.

'பெல்' என்றால் எந்த பெல்?

சுஜாதா வேலை பார்த்த பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தையும் சுருக்கமாக 'பெல்' என்றுதான் சொல்வார்கள். ஆனால் காட்டூரில் போய் 'அவர் பெல்லில் இருந்தவர்' என்று சொல்லிப் பாருங்கள். "அப்படியா, எந்த யூனிட்?" என்று திருவெறும்பூர் பாய்லர் தொழிற்சாலையைப் பற்றிக் கேட்பார்கள். ஆங்கிலச் சுருக்கத்தில் இரண்டுக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

சொன்னவர் மேல் தப்பில்லை, கேட்டவர் மேலும் தப்பில்லை. ஆனால் இரண்டு பேர் மனதிலும் இரண்டு வேறு கம்பெனி. மீட்டிங்கில் இதைவிட மோசமாக நடக்கும். 'பிஎம்' என்றால் ப்ராடக்ட் மேனேஜரா, ப்ராஜெக்ட் மேனேஜரா? 'ஆக்டிவ் யூசர்' என்றால் ஆப்பைத் திறந்தவரா, பொருள் வாங்கியவரா? இது தெளிவாகாமல் அரை மணி நேரம் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் 'ஓ, நீங்க அதைச் சொன்னீங்களா?' என்று முடிகிற மீட்டிங்குகள் ஏராளம்.

செய்ய வேண்டியது: ஒரு சுருக்கப் பெயரை முதல்முறை சொல்லும்போது ஒரு வரி விளக்கம் சேருங்கள். "ஆக்டிவ் யூசர்னு நான் சொல்றது, போன 30 நாள்ல ஒரு தடவையாவது டிக்கெட் புக் பண்ணவங்களை." இதற்கு ஆகிற நேரம் ஐந்து விநாடி.

ஒரு மீட்டிங், ஏழு உயிர்

தெளிவாகச் சொல்வது வெறும் 'ஸ்டைல்' சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைத்தால், 1986 ஜனவரி 27 இரவு நடந்த ஒரு தொலைபேசி மீட்டிங்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மறுநாள் காலை அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்ப வேண்டும். ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் இன்ஜினியர்களுக்குப் பயம். இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள் கடுங்குளிரில் விறைத்துப் போகும், சூடான வாயு கசியும் என்பது அவர்கள் கவலை. சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ஏவ வேண்டாம் என்றார்கள். அந்த இரவு உறைநிலைக்கும் கீழே குளிர் போகும் என்று கணிப்பு.

அட்டவணைகள், வரைபடங்கள், பழைய ஏவுதல்களின் விவரங்கள் எல்லாம் அனுப்பப்பட்டன. ஆனால், 'குளிர் கூடக் கூட சேதம் கூடுகிறது' என்பதை ஒரே பார்வையில் காட்டும் ஒரு படம் அதில் இல்லை என்று பின்னாளில் ஆய்வாளர்கள் விமர்சித்தார்கள். 'உறுதியான ஆதாரம் இருக்கா?' என்ற எதிர்க்கேள்வி வந்தது. கடைசியில் நிறுவனத்தின் நிர்வாகம் தன் இன்ஜினியர்களையே மீறிச் சம்மதம் சொன்னது. ஜனவரி 28 அன்று, கிளம்பிய 73-வது விநாடியில் சேலஞ்சர் சிதறியது. 7 பேர் உயிரிழந்தனர்.

பழி முழுவதையும் இன்ஜினியர்கள் மேல் போட முடியாது. அவர்கள் எச்சரித்தார்கள், கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. நிர்வாக அழுத்தம்தான் அதில் பெரிய காரணம்.

ஆனால் இரண்டு வாரம் கழித்து நடந்ததைப் பாருங்கள். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மேன், அதே ரப்பர் துண்டை ஒரு கிளாம்ப்பில் இறுக்கி, எதிரே இருந்த ஐஸ் தண்ணீர் கிளாஸில் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே எடுத்து கிளாம்ப்பைத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. டிவியில் பார்த்த சாதாரண மக்களுக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

அத்தனை வரைபடங்களால் முடியாததை ஒரு கிளாஸ் ஐஸ் தண்ணீர் செய்தது. உங்கள் மீட்டிங்கில் அந்த 'ஐஸ் தண்ணீர்' எது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

இன்டர்வியூ கேள்வி: 'பணம் போச்சு, ஆனா கடைக்காரருக்கு வரலை. ஏன்?'

யூபிஐ பற்றி இப்படி ஒரு கேள்வி வந்தால், இரண்டு விதமான பதில்களைப் பார்க்கலாம்.

முதல் பதில்: "பிஎஸ்பி லேயர்ல இருந்து ரிக்வெஸ்ட் ஸ்விட்சுக்குப் போகும், ரெமிட்டர் பேங்க் டெபிட் லெக் சக்ஸஸ் ஆகும், பெனிஃபிஷியரி லெக்ல டைம்அவுட் ஆனா ஸ்டேட்டஸ் பென்டிங்ல போய்..." எல்லாம் சரிதான். ஆனால் கேட்டவர் இரண்டாவது வரியிலேயே தொலைந்துவிட்டார்.

இரண்டாவது பதில்: "சுருக்கமா சொன்னா, பணம் தொலைஞ்சு போகலை, பாதி வழியில நிக்குது. இதுல நாலு பேர் இருக்காங்க. உங்க ஆப், உங்க பேங்க், கடைக்காரர் பேங்க், நடுவுல எல்லாரையும் இணைக்கிற என்பிசிஐ. உங்க பேங்க் பணத்தை எடுத்துடுச்சு. ஆனா கடைக்காரர் பேங்க்ல இருந்து 'வந்துடுச்சு'ன்னு பதில் வரலை. உறுதி கிடைக்கலைன்னா பணம் தானா திரும்பணும். தனி நபருக்கு அனுப்பினதுன்னா அடுத்த நாளுக்குள்ள, கடைக்குக் கட்டினதுன்னா 5 நாளுக்குள்ளன்னு ரிசர்வ் வங்கி 2019-ல விதி போட்டிருக்கு. தாமதமானா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடும் உண்டு. இதுல எந்தப் பகுதியை விரிவா சொல்லட்டும்?"

இரண்டாவது பதிலில் என்ன இருக்கிறது?

1. முதல் வரியிலேயே பதில். 'பணம் தொலையலை' என்றதும் கேட்பவருக்கு ஒரு பிடி கிடைத்துவிடுகிறது.
2. எத்தனை பேர் என்ற கணக்கு. 'நாலு பேர்' என்றதும் மனதில் நான்கு கட்டங்கள் விழுகின்றன. பிறகு சொல்வதெல்லாம் அந்தக் கட்டங்களில் போய் உட்காரும்.
3. எங்கே உடைந்தது என்று ஒரே இடம். எல்லாவற்றையும் சொல்லாமல், கோளாறு உள்ள இடத்தை மட்டும் சொல்கிறது.
4. பயன்படுத்துபவருக்கு என்ன ஆகும். நாள் கணக்கு, இழப்பீடு. டெக்னிக்கல் விஷயம் மனிதரிடம் வந்து முடிகிறது.
5. கடைசியில் ஒரு கேள்வி. எவ்வளவு ஆழம் போகலாம் என்பதைக் கேட்பவரிடமே விட்டுவிடுகிறது.

உவமை சொல்லலாமா? சொல்லலாம், ஆனால்...

பழகிய ஒன்றைக் காட்டிப் பழகாததை விளக்குவது நல்ல வழி. 'லோடு பேலன்சர்' என்பதை எடுத்துக்கொள்வோம். ஆப்புக்கு வரும் கூட்டத்தைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் அமைப்பு அது. திருச்சிக்காரரிடம் இதை ஒரே வார்த்தையில் சொல்லலாம்: முக்கொம்பு. வருகிற காவிரித் தண்ணீர் அங்கே காவிரி, கொள்ளிடம் என்று பிரிகிறது. வெள்ளம் அதிகமானால் உபரி கொள்ளிடத்தில் திருப்பி விடப்படுகிறது. ஒரே பக்கம் மொத்தத் தண்ணீரும் பாய்ந்தால் என்ன ஆகும் என்று விளக்கவே வேண்டாம்.

ஆனால் உவமை எங்கே பொருந்தாது என்பதையும் நீங்களே சொல்லிவிட வேண்டும். லோடு பேலன்சர் பெரும்பாலும் எல்லா சர்வருக்கும் வேலையைப் பங்கு போட முயலும். முக்கொம்பில் கொள்ளிடம் முக்கியமாக வெள்ள வடிகால். இந்த வித்தியாசத்தை நீங்கள் சொன்னால் உங்களுக்கு விஷயம் தெரியும் என்று அர்த்தம். இன்டர்வியூ எடுப்பவர் சொன்னால் சங்கடம்.

நல்ல உவமை அடுத்த கேள்விக்கும் வழி காட்டும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு கொள்ளிடம் அணையில் 9 மதகுகள் உடைந்தன. 'பிரிச்சு விடுற இடமே உடைஞ்சா?' என்பது லோடு பேலன்சருக்கும் பொருந்தும் கேள்விதான். அதனால்தான் அதற்கும் மாற்று ஒன்றைத் தயாராக வைத்திருப்பார்கள்.

மீட்டிங்கில் எப்படிப் பேசுவது?

இன்டர்வியூவில் கேட்பவர் ஒருவரோ இருவரோதான். மீட்டிங்கில் பத்துப் பேர் இருப்பார்கள். அதில் சிலர் லேப்டாப்பில் வேறு வேலை பார்ப்பார்கள். இங்கே கதை சொல்லி, கடைசியில் முடிவு சொல்லும் பாணி எடுபடாது. மெக்கின்சி நிறுவனத்தில் பணியாற்றிய பார்பரா மின்டோ பிரபலப்படுத்திய முறை இதற்குக் கைகொடுக்கும்: முடிவு முதலில், காரணம் பிறகு, விவரம் கடைசியில்.

ஒரு கற்பனை உதாரணம். டிக்கெட் ஆப் ஒன்றின் புது வெர்ஷனைத் தள்ளிப்போட வேண்டும்.

• முடிவு: "ரிலீஸை இரண்டு வாரம் தள்ளி வைக்கணும்."
• காரணம்: "டெஸ்ட் பண்ணதுல பத்துல ஒருத்தருக்கு டிக்கெட் இரண்டு தடவை புக் ஆகுது."
• தள்ளாவிட்டால்: "தீபாவளி கூட்டத்துல இது நடந்தா ரீஃபண்ட் கொடுத்தே மாளாது."
• வேண்டியது: "இன்னைக்கு உங்க கிட்ட எனக்கு வேணும்ங்கிறது ஒரே ஒரு ஓகே."

நான்கே வரி. இதற்குப் பிறகு யார் எந்த விவரம் கேட்டாலும் கொடுக்கலாம். கேட்காவிட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

விஷயம் இன்னும் பெரியது என்றால் எழுதிவிடுவது நல்லது. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் 2004-ல் தன் மூத்த அதிகாரிகள் கூட்டங்களில் பவர்பாயின்ட்டை நிறுத்தினார். அதற்குப் பதிலாக அதிகபட்சம் 6 பக்கத்தில், முழு வாக்கியங்களாக எழுதிய குறிப்பு. மீட்டிங் தொடங்கியதும் எல்லோரும் முதலில் அதை அமைதியாகப் படிப்பார்கள், பிறகுதான் பேச்சு. புல்லட் பாயின்ட்டில் ஓட்டையை மறைத்துவிடலாம். முழு வாக்கியத்தில் மறைப்பது கஷ்டம்.

தெரியாததைக் கேட்டால்?

சுற்றி வளைத்துப் பேசினால் அனுபவசாலி அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். "இது எனக்கு உறுதியா தெரியலை. ஆனா கண்டுபிடிக்கணும்னா முதல்ல இதைப் பார்ப்பேன்" என்று சொல்லி, எப்படி யோசிப்பீர்கள் என்பதைக் காட்டுங்கள். யோசித்துச் சொல்ல அரை நிமிடம் கேட்பதிலும் தப்பில்லை.

'எனக்கு இங்கிலீஷ் சரளமா வராதே?'

தமிழ் மீடியத்தில் படித்து வருகிறவர்களின் பெரிய பயம் இது. இன்டர்வியூக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதால் பயம் நியாயமானதுதான். ஆனால் மேலே பார்த்த எதிலும் அலங்கார ஆங்கிலம் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். முதலில் பதில், எத்தனை பகுதி, எங்கே சிக்கல், யாருக்குப் பாதிப்பு. இந்த வரிசைக்குச் சின்னச் சின்ன வாக்கியங்களே போதும். மனதில் தெளிவில்லாமல் வரும் சரளமான ஆங்கிலம் வெறும் டொக் டொக்தான். யோசிப்பதைத் தமிழில் யோசித்து, வரிசைப்படுத்திவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொல்லிப் பழகலாம்.

திருச்சியில் பிறந்த கிரிஷ் மாத்ருபூதம் இதற்கு நல்ல உதாரணம். ஸோஹோவில் ப்ராடக்ட் மேனேஜ்மென்ட் பிரிவில் இருந்துவிட்டு, 2010-ல் ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கியவர். இன்று ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் உள்ள அந்த நிறுவனம் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலானது. தன் நிறுவனம் எப்படிப் பிறந்தது என்று கேட்டால் அவர் சொல்வது ஒரு உடைந்த டிவியின் கதை. அமெரிக்காவிலிருந்து வீடு மாறி வரும்போது டிவி உடைந்தது. இழப்பீடு கேட்டு அலைந்தும் நடக்கவில்லை. இணையத்தில் பலர் பார்க்க எழுதியதும் பணம் வந்துவிட்டது. 'வாடிக்கையாளரின் குரல் இனி போன் லைனுக்குள் அடங்காது' என்பதைப் புரிய வைக்க இதைவிட எளிய வழி இல்லை.

வீட்டிலேயே பயிற்சி செய்வது எப்படி?

• தினமும் ஒரு விஷயம் எடுங்கள். ஓடிபி ஏன் வருகிறது? மேப்பில் டிராஃபிக் எப்படித் தெரிகிறது? அதை வீட்டில் டெக்னாலஜி தெரியாத ஒருவருக்கு இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள்.
• முடித்ததும் 'புரிஞ்சுதா?' என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக 'ஆமாம்' என்றுதான் வரும். 'நான் சொன்னதை நீங்க திருப்பிச் சொல்லுங்க' என்று கேளுங்கள். அவர்கள் தடுமாறும் இடம்தான் நீங்கள் திருத்த வேண்டிய இடம்.
• போனில் ரெக்கார்டு செய்து கேளுங்கள். முதல் பதில் எத்தனையாவது விநாடியில் வருகிறது என்று பாருங்கள். அதைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.
• ஒரே விஷயத்தை மூன்று பேருக்காகத் தயார் செய்யுங்கள்: டெவலப்பர், கணக்குப் பிரிவு அதிகாரி, கஸ்டமர். முதல் வரி மூன்றிலும் ஒன்றாகவே இருந்தால், இன்னும் கேட்பவரைப் பற்றி யோசிக்கவில்லை என்று பொருள்.

இந்தப் பயிற்சிக்குக் கோச்சிங் சென்டர் தேவையில்லை, ஃபீஸும் இல்லை. பெல்லில் ரிடையர் ஆகி வீட்டில் இருக்கும் பெரியப்பா ஒருவர், "அது சரிப்பா, ஆனா ஏன் அப்படி?" என்று இரண்டு தடவை குறுக்கே கேட்டால் போதும். இன்டர்வியூவில் வரும் முக்கால்வாசிக் கேள்வி அதுதான்.